அனைத்துலக விண்வெளி நிலையம்: அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏன் பிரிய முடியவில்லை?

2022 மார்ச் 30. உக்ரேனுக்குள் ரஷ்யப் படைகள் நுழைந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அமெரிக்கா ரஷ்யா மீது தடைக்கு மேல் தடை விதித்துக்கொண்டிருந்தது.

அன்று கஸக்ஸ்தானின் புல்வெளியில் ஒரு ரஷ்ய விண்கலம் வான்குடையில் தொங்கியபடி வந்து இறங்கியது. உள்ளே மூன்று பேர். இருவர் ரஷ்யர்கள். மூன்றாமவர் அமெரிக்கர், மார்க் வாண்ட ஹை. 355 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார்.

அதற்குச் சில வாரம் முன்னால்தான் இணையத்தில் ஒரு காணொளி பரவியிருந்தது. வாண்ட ஹையை மேலேயே விட்டுவிட்டு ரஷ்ய வீரர்கள் கிளம்பி வருவதுபோல் தொகுக்கப்பட்ட காணொளி. அப்போதைய ரஷ்ய விண்வெளி அமைப்பின் தலைவர் டிமிட்ரி ரோகோஸின் வேறொரு கேள்வியும் கேட்டிருந்தார். எங்களோடு ஒத்துழைப்பை நிறுத்தினால் நிலையம் கட்டுப்பாடு இல்லாமல் கீழே விழாமல் யார் காப்பாற்றுவார்கள் என்று.

மிரட்டல் மாதிரி இருக்கிறது, இல்லையா? மிரட்டல்தான். ஆனால் அந்தக் கேள்வியில் உண்மையும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வீடு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

<b>முதலில், அது யாருடைய வீடு?</b>

ஒருவருடையது இல்லை. ஐந்து விண்வெளி அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன: அமெரிக்காவின் நாசா, ரஷ்யாவின் ரோஸ்கோஸ்மோஸ், ஐரோப்பிய விண்வெளி அமைப்பு, ஜப்பானின் ஜாக்ஸா, கனடிய விண்வெளி அமைப்பு. 1998 ஜனவரியில் மொத்தம் 15 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அவற்றில் 11 ஐரோப்பிய நாடுகள்.

நிலையம் முழுவதையும் எல்லோரும் சேர்ந்து வாங்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அவரவர் கட்டிக்கொண்டு வந்த அறை அவரவருக்குச் சொந்தம். ஜப்பானின் 'கிபோ' ஆய்வுக்கூடத்துக்குள் மிதந்து போனால் நீங்கள் சட்டப்படி ஜப்பானின் அதிகாரத்துக்குள் போகிறீர்கள். அங்கே ஏதாவது கண்டுபிடித்தால், காப்புரிமையைப் பொறுத்தவரை அது ஜப்பானில் நடந்ததாகவே கணக்கு. குற்றம் செய்தால் கதை வேறு. எந்த அறையில் செய்தாலும், உங்கள் சொந்த நாட்டுக்கு உங்களை விசாரிக்கும் உரிமை உண்டு.

ஆனால் இந்த "அவரவர் அறை" கணக்கு ஆரம்பத்திலேயே குழம்பிவிட்டது. நிலையத்தின் முதல் பகுதி 'ஸார்யா'. ரஷ்ய மொழியில் விடியல் என்று பொருள். 1998 நவம்பர் 20இல் பைக்கனூரிலிருந்து ரஷ்ய ராக்கெட்டில் கிளம்பியது. கட்டியது ரஷ்யா. இருப்பது ரஷ்யப் பக்கத்தில். ஆனால் காசு கொடுத்தது அமெரிக்கா. ஆகவே உரிமையாளர் அமெரிக்கா!

"நாங்கள் எங்கள் பாதியைக் கழற்றிக்கொண்டு போகிறோம்" என்று யாராவது சொன்னால், முதல் தகராறே ஸார்யா யாருடையது என்பதில்தான் வரும்.

<b>சரி, ஏன் பிரிக்க முடியாது?</b>

சட்டத்தை விடுங்கள். இயந்திரக் கதையே போதும்.

நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 90 நிமிடம். அதாவது, நீங்கள் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸுக்கு ரயிலில் போய்க் கொஞ்சம் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடும்.

400 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அறவே இல்லை என்று நினைக்கிறோம். மிக மிக மெல்லிதாக இருக்கிறது. அந்த மெல்லிய காற்று நிலையத்தை உரசி உரசி வேகத்தைக் குறைக்கிறது. சராசரியாக மாதத்துக்கு 2 கிலோமீட்டர்போல் நிலையம் கீழே இறங்குகிறது. சூரியன் சீற்றமாக இருக்கும் காலத்தில் மேல்வளிமண்டலம் சூடாகி உப்பிவிடும். அப்போது இறக்கம் இன்னும் அதிகம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒரு நாள் கீழேதான்.

அதனால் அவ்வப்போது எஞ்சினை ஓட்டி மேலே தள்ளிவிட வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ரஷ்யா. ரஷ்யாவின் 'ஸ்வெஸ்டா' பகுதியில் எஞ்சின் இருக்கிறது. சரக்கு கொண்டுவரும் 'புரோகிரஸ்' விண்கலம் நிலையத்தோடு இணைந்திருக்கும்போது அதன் எஞ்சினையும் பயன்படுத்துகிறார்கள். எரிபொருளைக் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புவதும் புரோகிரஸ்தான். விண்வெளிக் குப்பை எதிரே வந்தால் விலகிப்போவதும் பெரும்பாலும் இந்த எஞ்சின்களை வைத்துத்தான். இதுவரை 30க்கும் மேற்பட்ட முறை அப்படி விலகியிருக்கிறார்கள்.

அப்படியானால் ரஷ்யாதான் பெரியண்ணனா? இல்லை. இப்போது மறுபக்கம் வாங்க.

நிலையம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது அமெரிக்காவின் நான்கு கைரோஸ்கோப்புகள். பெரிய பம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 100 கிலோ எடையுள்ள சக்கரம், நிமிடத்துக்கு 6,600 முறை சுழல்கிறது. சுழலும் பம்பரத்தைச் சாய்க்கப் பார்த்தால் அது எதிர்த்துத் தள்ளும் இல்லையா? அந்தத் தள்ளலை வைத்து 420 டன் எடையுள்ள நிலையத்தைத் திருப்புகிறார்கள். எரிபொருள் ஒரு சொட்டுகூட வேண்டாம், மின்சாரம் போதும்.

மின்சாரத்தில் பெரும்பங்கு வருவது அமெரிக்காவின் எட்டுச் சூரியசக்தி இறக்கைகளிலிருந்து. ரஷ்யப் பக்கத்துக்கும் அங்கிருந்துதான் மின்சாரம் போகிறது. ஸார்யாவுக்குச் சொந்தமாகச் சூரியசக்தித் தகடுகள் இருந்தன. 2007இல் அவற்றை மடக்கிவிட்டார்கள். அமெரிக்கப் பக்கத்தின் வெப்பத்தை வெளியேற்றும் பலகைகளை விரிக்க இடம் போதவில்லை. அதனால் "நீங்கள் தகட்டை மடக்குங்கள், மின்சாரத்தை நாங்கள் தருகிறோம்" என்ற ஏற்பாடு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் பம்பரங்களால் ஓரளவுக்குத்தான் தாங்க முடியும். ஒரு கட்டத்தில் அவற்றின் எல்லை நிரம்பிவிடும். அப்போது ரஷ்யப் பக்கத்தின் சிறு எஞ்சின்கள் கொஞ்சம் தள்ளிக்கொடுத்து அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆகக் கூட்டிப் பாருங்கள். அமெரிக்கா இல்லாமல் ரஷ்யாவுக்குப் போதிய மின்சாரம் இல்லை. ரஷ்யா இல்லாமல் அமெரிக்காவால் நிலையத்தை நீண்ட நாள் மேலே வைத்திருக்க முடியாது. வீவக வீடு ஒன்றை அண்ணன் தம்பி இரண்டாகத் தடுத்துக்கொண்ட மாதிரி: மின் மீட்டர் அண்ணன் பக்கம், தண்ணீர்க் குழாய் தம்பி பக்கம். பேச்சு வார்த்தை இல்லையென்றாலும் சுவரை மட்டும் இடிக்க முடியாது.

இந்தப் பிணைப்பு கண்ணெதிரே தெரிந்த ஒரு நாள் 2021 ஜூலை 29. ரஷ்யாவின் புதிய ஆய்வுக்கூடமான 'நவுகா' வந்து இணைந்தது. சில மணி நேரத்தில் அதன் எஞ்சின்கள் தானாக எரிய ஆரம்பித்துவிட்டன. நிலையம் சுழலத் தொடங்கியது. பம்பரங்களால் தாங்க முடியவில்லை. ஸ்வெஸ்டாவின் எஞ்சின்களும் பிறகு புரோகிரஸின் எஞ்சின்களும் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டியிருந்தது. நவுகாவின் எரிபொருள் தீரும்வரை இந்த இழுபறி. நிலையம் சுமார் 540 பாகை, அதாவது ஒன்றரைச் சுற்று திரும்பிவிட்டதாகப் பின்னர் நாசா சொன்னது. ஹியூஸ்டனும் மாஸ்கோவும் ஒரே நேரத்தில் ஒரே பிரச்சினையைக் கையாண்ட நாள் அது. உள்ளே இருந்தவர்களுக்குச் சுழல்வது தெரியவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

<b>இந்த ஜோடியைச் சேர்த்துவைத்தது யார்?</b>

பனிப்போர் காலத்தில் இருவரும் தனித்தனியாகத்தான் திட்டம் போட்டார்கள். 1984இல் அதிபர் ரீகன் அமெரிக்காவுக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றார். 'ஃபிரீடம்' என்று பெயரும் வைத்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. 1993 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அந்தத் திட்டத்தைக் கைவிடும் முயற்சி ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. ஒரே ஓட்டு!

அதே நேரத்தில் சோவியத் யூனியன் சிதறிப்போயிருந்தது. ரஷ்யாவிடம் நிலையம் கட்டத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், காசு இல்லை. அந்த ராக்கெட் நிபுணர்கள் வேறு நாடுகளுக்குப் போய் ஏவுகணை செய்ய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற பயம் வாஷிங்டனுக்கு. 1993 முடிவதற்குள் இரண்டு திட்டங்களும் ஒன்றாகின. நட்பு மட்டும் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருவருக்கும் தேவை இருந்தது.

சேர்ந்து வாழ அமெரிக்கா ஒரு விலையும் கொடுத்தது. ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பினால் பூமத்திய ரேகைக்குப் பக்கமான பாதையில் சுற்றுவதுதான் சுலபம். ஆனால் பைக்கனூர் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து நேர் கிழக்கே ஏவினால் ராக்கெட்டின் பாகங்கள் சீனப் பக்கம் விழக்கூடும். அதனால் நிலையத்தின் பாதையை 51.6 பாகை சாய்த்து வைத்தார்கள். அந்தச் சாய்வால் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒவ்வொரு முறையும் சுமக்கக்கூடிய சரக்கு பல டன் குறைந்தது.

பின்னாளில் அந்த முடிவுதான் நிலையத்தைக் காப்பாற்றியது.

<b>யார் யாருக்கு 'லிஃப்ட்' கொடுத்தது?</b>

2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. ஏழு பேரும் இறந்தனர். அமெரிக்கா எல்லா ஓடங்களையும் நிறுத்தியது.

அந்த நேரத்தில் நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: இரண்டு அமெரிக்கர்கள், ஒரு ரஷ்யர். ஓடத்தில் போனவர்கள், ஓடத்தில் திரும்ப வேண்டியவர்கள். மே மாதத்தில் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் திரும்பினார்கள். இறங்கியது இலக்குக்குப் பல நூறு கிலோமீட்டர் முன்னால். கொஞ்ச நேரம் அவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். 2005 ஜூலைவரை ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கியது ரஷ்யா மட்டும்தான்.

2011 ஜூலையில் ஓடங்கள் நிரந்தரமாக ஓய்வுபெற்றன. அதன்பிறகு ஏறத்தாழ ஒன்பது ஆண்டு, நிலையத்துக்குப் போக ஒரே டாக்சி சோயுஸ். ஒரே டாக்சி என்றால் கட்டணம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஏறிக்கொண்டே போனது. 2020இல் நாசா வாங்கிய ஓர் இருக்கையின் விலை சுமார் 90 மில்லியன் டாலர்.

2014இல் கிரைமியா விவகாரத்தில் தடைகள் வந்தபோது ரோகோஸின் கிண்டலாகச் சொன்னார்: அமெரிக்கா தன் வீரர்களை டிராம்போலினில் குதிக்கவைத்து அனுப்பட்டும். 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் விண்கலம் இரண்டு வீரர்களோடு கிளம்பியது. இலோன் மஸ்க், டிராம்போலின் வேலை செய்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். ஆறு வருஷம் காத்திருந்து சொன்ன பதில்.

இனி அமெரிக்காவுக்கு ரஷ்யா தேவையில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் போர் தொடங்கிய பிறகு, 2022 ஜூலையில், இரு நாடுகளும் ஒரு புது ஒப்பந்தம் போட்டன. காசு பரிமாற்றம் இல்லை. ரஷ்ய விண்கலத்தில் ஓர் அமெரிக்கர், அமெரிக்க விண்கலத்தில் ஒரு ரஷ்யர்.

ஏன்? ஒரு வகை விண்கலம் பழுதாகி நின்றால், நிலையத்தில் ஒரு நாட்டுக்காரர்கள் மட்டும் மிஞ்சக்கூடாது. அமெரிக்கப் பக்கத்தை ஓட்ட அமெரிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும், ரஷ்யப் பக்கத்தை ஓட்ட ரஷ்யர் வேண்டும்.

ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் சோதனை வந்துவிட்டது. அந்த ஏற்பாட்டின்படி முதலில் போன அமெரிக்கர் ஃபிராங்க் ருபியோ. 2022 டிசம்பரில் அவர் வந்த சோயுஸில் ஓட்டை விழுந்து, குளிரூட்டும் திரவம் முழுக்க விண்வெளியில் பீய்ச்சி அடித்தது. மூன்று பேருக்குத் திரும்பிப்போக நம்பகமான வண்டி இல்லை.

அப்போது செய்ததைப் பாருங்கள். சோயுஸில் ஒவ்வொருவருக்கும் உடல் அளவுக்கு வார்த்த இருக்கை உறை ஒன்று உண்டு. ருபியோவுடையதைக் கழற்றி, அமெரிக்க டிராகன் விண்கலத்துக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அவசரம் என்றால் அவர் அதில் வருவார். மற்ற இரு ரஷ்யர்களும் பழுதான சோயுஸிலேயே வருவார்கள். மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர் என்றால் உள்ளே சூடு கொஞ்சம் குறையும். அதுதான் கணக்கு. பிறகு 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஆளில்லாத சோயுஸ் ஒன்றை மாற்றாக அனுப்பியது. ஆறு மாதத்தில் திரும்ப வேண்டிய ருபியோ 371 நாள் கழித்துத் திரும்பினார். வாண்ட ஹையின் சாதனை முறிந்தது, அவர் விரும்பிக் கேட்காமலேயே.

2024இல் இது தலைகீழாக நடந்தது. போயிங்கின் ஸ்டார்லைனரில் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அதே கலத்தில் திரும்புவது பாதுகாப்பில்லை என்று நாசா முடிவெடுத்தது. அவர்களை அழைத்துவர அடுத்த டிராகனில் இரண்டு இருக்கை காலியாக வேண்டும். அதில் போகவிருந்த நால்வரில் மூவர் அமெரிக்கர், ஒருவர் ரஷ்யர். யாரை இறக்கினார்கள் தெரியுமா? அமெரிக்கர்கள் இருவரை. ரஷ்யரான அலெக்ஸாண்டர் கோர்புனோவ் தன் இருக்கையில் உட்கார்ந்து போனார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

<b>காசு கைமாறாத கணக்கு</b>

மற்ற கூட்டாளிகளும் பெரும்பாலும் பண்டமாற்றுதான். பழைய காலத்துச் சந்தை மாதிரி.

கனடா 17 மீட்டர் நீள இயந்திரக் கையைக் கொடுத்தது. நிலையத்தின் பெரும்பகுதியைத் தூக்கிப் பொருத்தியதே அந்தக் கைதான். அதற்கு ஈடாகக் கனடாவுக்கு, ரஷ்யப் பகுதி தவிர்த்த மற்ற வசதிகளில் 2.3 விழுக்காடு பங்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த 2.3 விழுக்காட்டில்தான் சில ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கனடியர் ஆறு மாதம் மேலே போய்வருகிறார். கனடாவின் ஐந்து டாலர் நோட்டிலேயே அந்தக் கையின் படத்தை அச்சடித்தார்கள். அவ்வளவு பெருமை.

ஐரோப்பா தன் பங்குச் செலவுக்குப் பதிலாக 2008 முதல் 2014வரை ஐந்து சரக்குக் கலங்களை அனுப்பியது. பிறகு அமெரிக்காவின் ஓரையன் நிலவுக்கலத்துக்கு உந்துபகுதி செய்துகொடுக்க ஒப்புக்கொண்டது. ஜப்பான் 2020வரை ஒன்பது சரக்குக் கலங்களை அனுப்பியது, ஒன்றுகூடத் தோற்கவில்லை.

நம் வட்டாரத்துக்கும் இதில் ஒரு கதை இருக்கிறது. 2007 அக்டோபர் 10இல் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகோர் சோயுஸில் நிலையத்துக்குப் போனார். அவர் எலும்பு மருத்துவர். மலேசியா அந்த இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டவில்லை. ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கியபோது கிடைத்த இணைப்பு அது. அந்தத் திட்டத்தின் இறுதி நால்வரில் ஒருவராக இருந்தவர் பொறியாளர் சிவா வனஜா. நம் வீடுகளில் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம்.

சிங்கப்பூர் கூட்டாளி நாடு இல்லை. ஆனாலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் செய்த 'ஸ்பூக்கி-1' என்ற குட்டித் துணைக்கோளம் 2019 ஜூன் மாதம் ஜப்பானின் கிபோவிலிருந்துதான் விண்வெளியில் விடப்பட்டது. மலேசியாவின் 'யுஐடிஎம்சாட்-1' அதற்கு முந்திய ஆண்டே அதே வாசல் வழியாகப் போய்விட்டது.

<b>உள்ளே தினசரி வாழ்க்கை எப்படி?</b>

எல்லோரும் ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் படிக்க வேண்டும். சோயுஸில் ஏறினால் பொத்தான்களில் இருப்பது ரஷ்ய எழுத்து. தடுமாற நேரம் இருக்காது.

குடிதண்ணீரும் இரண்டு வகை. அமெரிக்கத் தண்ணீரில் கிருமி வராமல் இருக்க அயோடின். ரஷ்யத் தண்ணீரில் வெள்ளி (நம் ஊர்க் காசு இல்லை, உலோகம்).

எப்போதும் கொஞ்சிக் குலாவிக்கொண்டு இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2009இல் ரஷ்ய வீரர் கென்னடி படல்கா, கிளம்புவதற்கு முன் ஒரு ரஷ்யப் பத்திரிகையிடம் குறைப்பட்டுக்கொண்டார். அமெரிக்கர்களின் உடற்பயிற்சி சைக்கிளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டதற்கு முதலில் சரி என்றார்களாம், பிறகு கூடாது என்றார்களாம். கழிப்பறையும் அவரவருடையதை மட்டும்தானாம். கீழே இருக்கும் கணக்காளர்கள் ஒருவருக்கொருவர் கட்டணம் போட ஆரம்பித்ததுதான் காரணம் என்றார் அவர். எந்த வாடகை வீட்டிலும் கேட்கக்கூடிய புகார்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டு நடந்தது வேறு. 2008 மே மாதம் ரஷ்யக் கழிப்பறை பழுதானது. அப்போது நிலையத்தில் இருந்த ஒரே கழிப்பறை அது. மாற்று பம்ப் மாஸ்கோவில் இருந்தது. கிளம்பத் தயாராக இருந்த டிஸ்கவரி ஓடம் ஃபுளோரிடாவில். தூதரகப் பையில் வைத்துப் பம்பை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஓடம் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் வந்து சேர்ந்தது. அரசாங்க ரகசியங்கள் போகும் பையில் ஒரு கழிப்பறை பம்ப்!

<b>இப்போது எது கவலை?</b>

அரசியலைவிட அவசரமான பிரச்சினை, காற்றுக் கசிவு.

ஸ்வெஸ்டாவின் பின்பக்கம் ஒரு சிறு சுரங்கவழி இருக்கிறது. அதன் மறுமுனையில்தான் புரோகிரஸ் வந்து இணையும். 2019 முதல் அந்தச் சுரங்கவழியின் விரிசல்களில் காற்று கசிந்துவந்தது. 2024 ஏப்ரலில் நாளுக்கு ஏறக்குறைய 1.7 கிலோகிராம்வரை போனது. விரிசல்களை அடைக்கிறார்கள். தேவையில்லாதபோது கதவை மூடி வைக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் காரணம் என்ன என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. நுண்ணிய அதிர்வுகளால் உலோகம் சோர்ந்துபோனதுதான் காரணம் என்பது ரஷ்யப் பொறியாளர்களின் கருத்து. அழுத்தம், உலோகத்தின் தன்மை, சுற்றுச்சூழல் எனப் பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம் என்கிறது நாசா. எவ்வளவு ஆபத்து என்பதிலும் கருத்து வேறு. பெரிதாகப் பிளந்துவிடுமோ என்று அமெரிக்கர்கள் கவலைப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்கிறார்கள் ரஷ்யர்கள்.

இது யாரோ இருவர் தகராறு என்று ஒதுக்க முடியாது. 2025 ஜூன் மாதம் இந்தியாவின் ஷுபான்ஷு சுக்லாவின் பயணம் பலமுறை தள்ளிப்போனது நினைவிருக்கிறதா? ஒரு காரணம் இந்தச் சுரங்கவழிதான். அடைத்த பிறகு அழுத்தம் வித்தியாசமாகக் காட்டியது. என்னவென்று உறுதிசெய்யும்வரை புது ஆட்களை அனுப்ப வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள்.

அமெரிக்கா மெல்ல மாற்று வழியும் தேடிவருகிறது. 2022இல் சிக்னஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கலமும் 2024இல் டிராகனும் நிலையத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிக் காட்டின. ரோகோஸினின் கேள்விக்கு அது பாதிப் பதில். பம்பரங்களுக்குக் கைகொடுப்பது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் இன்னும் ரஷ்யாவிடம்தான்.

<b>சீனா ஏன் இதில் இல்லை?</b>

2011 முதல் அமெரிக்கச் சட்டம் ஒன்று நாசாவைத் தடுக்கிறது. சிறப்பு ஒப்புதல் இல்லாமல் சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்யக்கூடாது. சரி, நீங்கள் சேர்க்காவிட்டால் நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று 2021 ஏப்ரலில் 'தியன்ஹ' பகுதியை ஏவியது சீனா. 2022 இறுதிக்குள் மூன்று பகுதிகளோடு 'தியன்கொங்' நிலையம் தயார். யாரோடும் கட்டணத் தகராறு இல்லை. ஆனால் பழுது வந்தால் இன்னொரு நாட்டு வண்டியும் இல்லை.

<b>எவ்வளவு நாள் இப்படி?</b>

2000 நவம்பர் 2இல் முதல் மூவர் உள்ளே நுழைந்தார்கள்: ஓர் அமெரிக்கர், இரண்டு ரஷ்யர்கள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. 2025 நவம்பரில் 25 ஆண்டு ஆனது. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

2024க்குப் பிறகு விலகுகிறோம் என்று 2022இல் ரஷ்யா சொன்னது. அடுத்த ஆண்டே 2028வரை இருக்கிறோம் என்றது. மற்ற நான்கு கூட்டாளிகளின் கணக்கு 2030வரை. இடையில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுக்கு எஞ்சினை யார் ஓட்டுவது என்பதுதான் இனிப் பேச வேண்டிய விஷயம்.

முடிவும் சுலபமில்லை. 420 டன்னைச் சும்மா விழ விட முடியாது. 2024 ஜூனில் நாசா ஸ்பேஸ்எக்ஸுக்கு 843 மில்லியன் டாலர்வரை ஒப்பந்தம் கொடுத்தது. நிலையத்தோடு இணைந்து, அதைக் குறிபார்த்துக் கீழே தள்ளும் கலம் ஒன்றைச் செய்ய வேண்டும். விழவிருக்கும் இடம், மனித நடமாட்டத்துக்கு வெகு தொலைவில், தென் பசிபிக் கடலில்.

அதுவரை சிங்கப்பூர் வானிலும் அதைப் பார்க்கலாம். தொலைநோக்கி வேண்டாம். நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' செயலியில் ஊரைப் போட்டால் எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசை என்று சொல்லும். பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன் அல்லது இருட்டிய கொஞ்ச நேரத்தில். விமானம்போல் கண்சிமிட்டாது, சத்தமும் இருக்காது. வெள்ளையாக ஒரு புள்ளி, ஒரே சீராக நகர்ந்து சில நிமிடத்தில் மறைந்துவிடும். மேகம் இல்லாத நாளாகப் பார்த்து மொட்டை மாடிக்குப் போங்க.